பிறப்புறுப்புத் தோலில் தீராத அரிப்பா? மருத்துவரைத் தேடுவது முதல் களிம்பு போடுவது வரை

'கீழே அரிப்பு' என்று சொல்லிக்கொண்டு போகும் பெண்ணுக்கு நம் ஊரில் வழக்கமாகக் கிடைப்பவை இரண்டு: பூஞ்சைத் தொற்றுக்கு ஒரு மாத்திரை, வெள்ளைப்படுதலுக்கு உள்ளே வைக்கும் மாத்திரை ஒரு பட்டை. சில நாள் குறைந்ததுபோல் இருக்கும், மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி அதே சீட்டு எழுதப்படும். மாதக்கணக்கில் இப்படிப் போகிறது என்றால், கோளாறு உள்ளே இருக்கும் தொற்றில் இல்லாமல் வெளியே இருக்கும் தோலில் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

எனக்கு இருப்பது லைக்கன் ஸ்கிளீரோசஸ் என்ற நாள்பட்ட தோல் நோய். அந்தப் பெயரை ஒருவர் வாயைத் திறந்து சொல்லும் வரை நான் அலைந்த கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை மட்டும் வரிசைப்படுத்தித் தருகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்வார். அவரிடம் என்ன கேட்க வேண்டும், எங்கே விழிப்பாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இது.

1. தோல் மருத்துவரைப் பாருங்கள். பலகையைப் பார்த்துத் திரும்பி வராதீர்கள்

மகளிர் மருத்துவரிடம் போவது தவறில்லை. ஆனால் பலருடைய கவனம் கருப்பை, சினைப்பை, வெள்ளைப்படுதல் என்று உள்ளேயே இருக்கும். இரண்டு முறை மருந்து எழுதியும் தீரவில்லை என்றால் மூன்றாம் முறை தோல் மருத்துவரிடம் போங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லாவற்றிலும் தோல் பிரிவு உண்டு. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர், தனியார் அறக்கட்டளை வகையில் வேலூர் சி.எம்.சி. ஆகியவை பலருக்கும் தெரிந்தவை. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் அந்தப் பிரிவின் பலகையில் 'தோல், பால்வினை நோய்' என்று எழுதியிருக்கும். தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் மருத்துவப் படிப்பில் ஒரே துறை என்பதால் அப்படி ஒரு பலகை. அதைப் படித்துவிட்டு, அக்கம்பக்கத்தார் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாசலிலிருந்தே திரும்பிவிடும் பெண்கள் உண்டு. உள்ளே போய் உட்கார்ந்தால் பாதிப் பேர் படர்தாமரைக்கும் பொடுகுக்கும் வந்தவர்கள் என்று தெரியும்.

தாலுகா மருத்துவமனையில் தோல் மருத்துவர் இல்லாமல் இருக்கலாம், அல்லது வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வரலாம். கேட்டுக்கொண்டு போங்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 104 என்ற அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம்.

தனியாரிடம் போகிறீர்கள் என்றால், பெயருக்குப் பின்னால் எம்.டி. டி.வி.எல். அல்லது டி.டி.வி.எல். என்ற தோல் மருத்துவப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஸ்கின் அண்ட் ஹேர் கிளினிக்' என்ற பளபளப்பான பலகைகளுக்குப் பின்னால் தோல் மருத்துவம் படிக்காதவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்பதிவு செய்யும்போதே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்: லைக்கன் ஸ்கிளீரோசஸ் போன்ற பிறப்புறுப்புத் தோல் நோய்களை அங்கே பார்ப்பார்களா, பெண் மருத்துவர் உண்டா, பயாப்ஸி (தோலைச் சிறிது எடுத்துச் சோதிப்பது) அங்கேயே எடுப்பார்களா. வரவேற்பில் இருப்பவர் எல்லோருக்கும் கேட்கும்படி 'என்னம்மா பிரச்சினை?' என்றால் 'தோல் அரிப்பு' என்ற பதில் போதும். மற்றதை மருத்துவரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

2. பையில் எடுத்துப் போக வேண்டியவை

அரசு மருத்துவமனைக்கு ஆதார் அட்டை, கைபேசி எண், பழைய ஓ.பி. சீட்டுகள். இவை எல்லோரும் எடுத்துப் போவதுதான். பலர் விட்டுவிடுவது, இதுவரை போட்ட டியூப்கள். காலியானது, பாதி பிதுக்கியது, பெயர் அழிந்தது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தோல் மருத்துவருக்கு அந்தப் பை பாதிக் கதையைச் சொல்லிவிடும். அட்டைப்பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே என்னென்ன மருந்து கலந்திருக்கிறது என்று அதில்தான் படிக்கும்படி அச்சாகியிருக்கும்.

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: அரிப்பு எப்போது தொடங்கியது, இரவில் கூடுகிறதா, மாதவிடாய் நின்றுவிட்டதா, சர்க்கரை அல்லது தைராய்டு உண்டா, வாயில் புண் வருகிறதா, தற்போது சாப்பிடும் மாத்திரைகள் என்னென்ன. சர்க்கரைக்காக டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் அந்தப் பெயரை மறக்காமல் எழுதுங்கள். அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வரும். அரிப்புக்குக் காரணம் அந்த மாத்திரையாகவே இருக்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை மருத்துவரிடம் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

போகும் அன்று களிம்பு எதுவும் பூச வேண்டாம், சவரம் வேண்டாம். முடிந்தால் மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். புடவையோ பாவாடையோ உடுத்திக்கொண்டு போனால் மேசையில் ஏறி இறங்கச் சுலபம். அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் காலையில்தான். எட்டு மணிக்குள் வரிசையில் நின்றால் மதியத்துக்குள் மருந்தோடு வெளியே வரலாம். பத்தரைக்குப் போனால் பார்த்துவிடுவார்கள், ஆனால் பரிசோதனைக்கு மறுநாள் வரச் சொல்லக்கூடும்.

3. பார்க்காமல் எழுதிய சீட்டோடு வெளியே வராதீர்கள்

இதுதான் முதல் பொறி. நாம் கூச்சத்தில் இழுத்து இழுத்துச் சொல்கிறோம், எதிரே இருப்பவர் தாளிலிருந்து நிமிராமலே எழுதிக் கொடுத்துவிடுகிறார். எனக்கு அப்படி எழுதப்பட்ட சீட்டுகளை அடுக்கினால் ஒரு நோட்டுப்புத்தகம் தேறும். தோல் நோயைக் கண்ணால் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது. 'டாக்டர், ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்' என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

விவரமாகச் சொல்லுங்கள். 'வெளித்தோலில் அரிப்பு, வெள்ளைப்படுதல் இல்லை' என்ற ஒரு வாக்கியம் மருத்துவரின் கேள்விகளையே மாற்றிவிடும். சிறுநீர் பட்டால் எரிகிறதா, தோலில் வெடிப்பு இருக்கிறதா, தாம்பத்தியத்தில் வலிக்கிறதா, மலம் கழிக்கும்போது கிழிவதுபோல் இருக்கிறதா என்பவற்றை அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டும்.

ஆண் மருத்துவர் பரிசோதித்தால் பக்கத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. மருத்துவக் கல்லூரி என்றால் மாணவர்களும் நிற்பார்கள். 'இத்தனை பேர் வேண்டாம்' என்று சொல்லலாம். அதற்காக யாரும் சிகிச்சையை மறுக்க முடியாது. உங்கள் அனுமதி இல்லாமல் யாரும் புகைப்படம் எடுக்கக் கூடாது. நீங்களே உங்கள் கைபேசியில் எடுத்து வைத்துக்கொள்வது வேறு. அரிப்பு அதிகமாக இருந்த நாளின் படம் மருத்துவருக்கு உதவும். அதை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு ஆலோசனை கேட்காதீர்கள்.

நல்ல மருத்துவர் அந்த இடத்தோடு நிறுத்த மாட்டார். வாயைத் திறக்கச் சொல்லுவார், ஈறுகளைப் பார்ப்பார், முழங்கை, தலைத்தோல், நகம் எல்லாம் பார்ப்பார். அரிப்பு கீழே இருக்கும்போது இவர் ஏன் தலையைப் பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம். காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

4. நோயின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்

'அலர்ஜிதான், ஒன்றுமில்லை' என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். பெயர் தெரியாவிட்டால் அடுத்த ஊரில் அடுத்த மருத்துவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நாள்பட்ட அரிப்பில் பெரும்பாலும் வருபவை இவை.

லைக்கன் ஸ்கிளீரோசஸ்: தோல் வெளுத்து, மெலிந்து, சுருக்கிய சிகரெட் தாள்போல் ஆகும். சொறிந்தால் சிவப்பாக ரத்தம் கட்டும், வெடிக்கும். கவனிக்காமல் விட்டால் பிறப்புறுப்பின் உள் இதழ்கள் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும், யோனியின் வாய் குறுகும். ஆசனவாயைச் சுற்றியும் பரவும். மாதவிடாய் நின்ற பெண்களிடமும், வயதுக்கு வராத சிறுமிகளிடமும் அதிகம். ஆனால் எந்த வயதிலும் வரலாம். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்குவதால் வருவதாகக் கருதுகிறார்கள். தைராய்டு கோளாறு உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. தொற்றாது, கணவருக்குப் போகாது, கணவரிடமிருந்தும் வராது. இந்தக் கடைசி விவரத்தை வீட்டில் சத்தமாகச் சொல்லிவிடுவது பல வீண் சண்டைகளைத் தவிர்க்கும்.

லைக்கன் பிளானஸ்: இதில் அரிப்பைவிட எரிச்சலும் வலியும் முன்னே நிற்கும். தோல் உரிந்து செக்கச்சிவந்த புண்ணாக இருக்கும். யோனிக்குள்ளும் போகும், வாயிலும் ஈறுகளிலும் வரும். வாயைப் பார்ப்பது இதற்காகத்தான்.

லைக்கன் சிம்ப்ளெக்ஸ்: சொறிந்து சொறிந்தே தடித்துப்போன தோல். தடித்ததால் அரிக்கும், அரிப்பதால் சொறிவோம். தொடக்கம் ஒரு சோப்பாகவோ பூஞ்சையாகவோ இருந்திருக்கும். அது போன பிறகும் இந்தச் சுழல் நிற்காது.

சொரியாசிஸ்: மற்ற இடத்தில் வெள்ளைச் செதிலாக இருப்பது இந்த இடத்தில் செதிலே இல்லாமல் வழவழப்பான சிவப்பாக இருக்கும். தலை, முழங்கை, நகத்தைப் பார்த்தால்தான் பிடிபடும்.

ஒவ்வாமைத் தோலழற்சி: சோப்பு, நாப்கின், ஈரத் துடைப்பான், நாம் போட்ட மருந்தே கூட இதற்குக் காரணமாகலாம்.

படர்தாமரை: நம் நாட்டில் தொடை இடுக்கிலிருந்து பிறப்புறுப்பு வரை பரவும் பூஞ்சைத் தொற்றான படர்தாமரை மிக அதிகம். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லைக்கன் ஸ்கிளீரோசஸுக்கு உயிர்நாடியான ஸ்டீராய்டு களிம்பைப் படர்தாமரையில் போட்டால், அரிப்பு அடங்கியதுபோல் காட்டிவிட்டு உள்ளே பரவவிடும். பெயர் தெரியும் முன் டியூபைத் திறக்காதீர்கள் என்பது இதனால்தான்.

வெண்புள்ளி நோயிலும் அந்த இடம் வெளுக்கும். ஆனால் அதில் பொதுவாக அரிக்காது, தோலின் தன்மையும் மாறாது.

5. சோதனைகள்: எது வேண்டும், எவ்வளவு நேரம்

தோலைச் சுரண்டி எடுத்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு 'கே.ஓ.எச்.' என்று பெயர். வலிக்காது, செலவு மிகக் குறைவு, வசதி உள்ள இடத்தில் அன்றே முடிவு கிடைக்கும். ஸ்டீராய்டு எழுதும் முன் சந்தேகம் இருந்தால் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கூடவே ரத்தச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., தைராய்டுக்கு டி.எஸ்.எச். பார்ப்பார்கள். தனியாரில் இவற்றுக்குக் கட்டணம் உண்டு. அரசு மருத்துவமனையில் இலவசம்.

பயாப்ஸி எல்லோருக்கும் தேவையில்லை. பார்த்தவுடன் தெளிவாகத் தெரிந்தால் நேரே களிம்பைத் தொடங்குவார்கள். சந்தேகம் இருந்தால், களிம்புக்குக் கட்டுப்படாவிட்டால், ஆறாத புண்ணோ தடித்த திட்டோ இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டு, 4 மில்லிமீட்டர் போலத் தோலை எடுப்பார்கள். ஊசி போடும் அந்தச் சில விநாடிகள் நன்றாகவே வலிக்கும், பிறகு ஒன்றும் தெரியாது. ஒரு தையல் போடலாம், போடாமலும் விடலாம். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு மூன்று நாள் சிறுநீர் கழிக்கும்போது எரியும். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் எரிச்சல் குறையும்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள், ஊசி மருந்துக்கு ஒவ்வாமை, அண்மையில் போட்ட ஸ்டீராய்டு. களிம்பு போட்டிருந்தால் நோயின் அடையாளங்கள் மங்கியிருக்கும் என்பதால் சில வாரம் நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்லக்கூடும்.

அறிக்கை வர ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அரசு மருத்துவமனையில் இன்னும் இழுக்கலாம். அறிக்கையின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வேறு மருத்துவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்க வேண்டியிருந்தால் எடுத்த தோல் துண்டு இருக்கும் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் பரிசோதனைக்கூடத்தில் கேட்டு வாங்கலாம். எழுத்தில் விண்ணப்பம் கேட்பார்கள், கொடுங்கள். அறிக்கைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் மருத்துவர் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது.

6. களிம்பைப் போடும் முறை

லைக்கன் ஸ்கிளீரோசஸுக்கு முதல் மருந்து குளோபெட்டாசால் புரோப்பியனேட் 0.05 சதவீதக் களிம்பு. ஸ்டீராய்டு களிம்புகளிலேயே வீரியம் மிகுந்த வகை. பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறியில் உள்ள அட்டவணையைத்தான் இங்கேயும் பல மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள்: முதல் மாதம் தினமும் இரவில் ஒரு முறை, இரண்டாம் மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள், மூன்றாம் மாதம் வாரத்துக்கு இரு முறை. அதன்பின் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அளவு: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். ஒரு தடவைக்கு அதற்கு மேல் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முப்பது இரவு, பிறகு பதினைந்து, பிறகு எட்டோ ஒன்பதோ. 30 கிராம் டியூப் மூன்று மாதத்துக்கு வர வேண்டும். மூன்று வாரத்தில் தீர்ந்தால் அள்ளிப் பூசுகிறீர்கள். மூன்று மாதம் கழித்தும் பாதி இருந்தால் பயந்து பயந்து தொடுகிறீர்கள்.

இடம்: கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒருமுறை மருத்துவரையே காட்டச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட்டால் மூன்று மாத மருந்தும் வீண். பலர் வெளிப்பக்க முடியுள்ள தோலில் பூசிவிட்டுப் போய்விடுகிறார்கள். நோய் இருப்பதோ உள் இதழ்களிலும், கிளிட்டோரிஸை மூடும் தோலிலும், யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியிலும். வெளுத்த இடம் எல்லாவற்றிலும் மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். யோனிக்குள் வேண்டாம். தொடைப்பக்கம் வழியவிடாதீர்கள், அங்கே தோல் மெலிந்து வரிவரியாகிவிடும். பூசியபின் கையைக் கழுவுங்கள். மேலே வாசலின் போடுவதாக இருந்தால் அரை மணி இடைவெளி விடுங்கள்.

இப்போது இரண்டாவது பொறி. டியூபோடு வரும் தாளில் 'பிறப்புறுப்பில் பயன்படுத்தக் கூடாது', 'இரண்டு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது' என்ற வகையில் எச்சரிக்கை இருக்கும். இணையத்தில் தேடினால் ஸ்டீராய்டு கிரீமால் முகம் வீணான படங்கள் வரும். வீட்டில் யாராவது ஒருவர் அதைப் படித்துவிட்டு 'இதை நிறுத்து' என்பார். அந்த எச்சரிக்கைகள் பொய்யில்லை. இந்தியாவில் ஸ்டீராய்டு கிரீம்களைச் சிவப்பழகு கிரீமாகவும் படர்தாமரை மருந்தாகவும் அள்ளிப் பூசியதில் வந்த கேடு பெரிது. தோல் மருத்துவர்கள் அதை எதிர்த்து இயக்கமே நடத்துகிறார்கள். ஆனால் லைக்கன் ஸ்கிளீரோசஸில் கணக்கு வேறு. இங்கே தோலை மெலியவைப்பது நோய். களிம்பு அதைத் தடுக்கிறது. உறுதியான நோய்க்கு, சொன்ன அளவில், மருத்துவரின் பார்வையில் போட்டால் அஞ்ச வேண்டியது மிகக் குறைவு. பாதியில் நிறுத்தினால்தான் ஆபத்து.

அரிப்பு சில வாரத்தில் அடங்கிவிடும். தோலின் வெடிப்பும் சுருக்கமும் மாறச் சில மாதம் ஆகும். வெள்ளை நிறம் முழுதாகப் போகாமலும் இருக்கலாம். ஒட்டிப்போன இதழ்கள் களிம்பால் பிரியாது. அரிப்பு நின்ற அன்றே டியூபை மூடி வைப்பதுதான் எல்லோரும் செய்வது. இது குணமாகி ஒழியும் நோய் இல்லை, அடக்கி வைக்கும் நோய். மூன்று மாதத்துக்குப் பிறகும் வாரத்துக்கு ஓரிரு முறை தொடரச் சொல்லுவார்கள். ஆஸ்திரேலியாவில் 507 பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், சொன்னபடி களிம்பைத் தொடர்ந்த 357 பேரில் ஒருவருக்குக்கூட அந்த இடத்தில் புற்றுநோய் வரவில்லை. விட்டுவிட்டுப் போட்ட 150 பேரில் 7 பேருக்குப் புற்றுநோயோ அதற்கு முந்தைய நிலையோ வந்தது. எனக்குச் சோம்பல் வரும் இரவுகளில் எழுந்து உட்காரவைப்பது இந்த இரண்டு எண்கள்தான்.

7. மருந்துக் கடையில் கண்ணைத் திறந்து வையுங்கள்

சீட்டில் வெறும் குளோபெட்டாசால் எழுதியிருக்கும். கடைக்காரர் அதே நிறப் பெட்டியில் இன்னொன்றை எடுத்துக் கொடுத்து, 'அதே மருந்துதான், இது இன்னும் நல்லா கேட்கும்' என்பார். பெட்டியில் பெயருக்குப் பின்னால் ஜி.எம்., ஜி.என்., எம். போன்ற எழுத்துகள் ஒட்டியிருந்தால் உள்ளே நியோமைசின், ஜென்டாமைசின், மைக்கோனசோல் என்று வேறு மருந்துகளும் கலந்திருக்கின்றன என்று பொருள். நியோமைசின் ஒவ்வாமைக்குப் பேர்போனது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, கிரீமா களிம்பா என்பது. கிரீமில் தண்ணீரும் கெடாமல் காக்கும் வேதிப்பொருள்களும் அதிகம், அதனால் வெடித்த தோலில் எரியும். களிம்பு வாசலின்போல் பிசுபிசுக்கும், எரிச்சல் குறைவு. கடைகளில் கிரீம்தான் குவிந்து கிடக்கும். களிம்பை முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். ஓரிரு நாள் ஆகும் என்பதால் டியூப் தீரும் முன் சொல்லிவையுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் கிரீமே போதுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வகை ஸ்டீராய்டுகள் 2018 முதல் மருத்துவர் சீட்டுடன்தான் விற்கப்பட வேண்டும். சீட்டில்லாமலும் தருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் சீட்டோடு போங்கள், ரசீதும் வாங்குங்கள்.

8. குளியலறையில் மாற்ற வேண்டியவை

மருந்தைவிட இதில்தான் வீட்டாரின் எதிர்ப்பு அதிகம். சோப்பு, வாசனைத் திரவம், கிருமிநாசினி கலந்த தண்ணீர், 'அந்தரங்கச் சுத்தம்' என்று விளம்பரம் செய்யும் திரவங்கள், படிகாரம், மஞ்சள், வேப்பிலைத் தண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வெறும் தண்ணீர் போதும். ஒற்றித் துடையுங்கள், தேய்க்காதீர்கள். பருத்தி உள்ளாடை, தளர்வான உடை. இரவில் உள்ளாடை இல்லாமலே தூங்கலாம். நாப்கின் உரசி எரிந்தால் பருத்தித் துணிக்கு மாறிப் பாருங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், ஏனென்றால் தூக்கத்தில் சொறிவது நமக்கே தெரியாது.

சிறுநீர்க் கசிவு உள்ளவர்கள் வெள்ளை வாசலினை மெல்லியதாகப் பூசிக்கொண்டால் சிறுநீர் தோலில் படாமல் காக்கும். தாம்பத்தியத்தின்போது வழுக்குத் திரவம் உதவும். ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் மட்டும் கவனிக்க: வாசலினும் எண்ணெயும் களிம்பும் ரப்பரை நைய வைத்துக் கிழித்துவிடும். அவர்களுக்குத் தண்ணீர் கலவையில் செய்த திரவமே சரி.

9. முதல் மருந்து கேட்காவிட்டால்

முதலில் மருத்துவர் கேட்கும் கேள்வி, சரியாகப் போட்டீர்களா, சரியான இடத்தில் போட்டீர்களா என்பது. கோபம் வரும், ஆனால் நியாயமான கேள்வி. அடுத்து, இடையில் பூஞ்சை சேர்ந்ததா, களிம்பிலேயே ஒவ்வாமையா, பயாப்ஸி தேவையா என்று பார்ப்பார்.

பிறகுதான் டாக்ரோலிமஸ் களிம்பு. இது ஸ்டீராய்டு வகை இல்லை. முதல் சில நாள் நன்றாக எரியும், அதை எதிர்பார்த்தே தொடங்குங்கள். டியூப் சிறியது, விலை அதிகம். நிலை கட்டுக்குள் வந்தபின் வீரியம் சற்றுக் குறைந்த ஸ்டீராய்டான மொமெட்டாசோனுக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. லைக்கன் சிம்ப்ளெக்ஸ் என்றால் ஸ்டீராய்டோடு இரவில் தூக்கம் வரவைக்கும் அரிப்பு மாத்திரையும் சேர்ப்பார்கள். சொறிவது நின்றால் தோலின் தடிப்பு தானாகக் குறையும். சொரியாசிஸுக்கு மிதமான ஸ்டீராய்டே பெரும்பாலும் போதும். உடம்புக்குப் போடும் தார் கலந்த மருந்தை இங்கே போட்டால் வெந்துவிடும். லைக்கன் பிளானஸ் யோனிக்குள் இருந்தால் அதற்குத் தனி மருந்தும், சிலருக்கு மாத்திரையும் வேண்டும். அது பெரிய மருத்துவமனை வேலை.

மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதினால், அது யோனி வறட்சிக்கு. லைக்கன் ஸ்கிளீரோசஸை அது சரிசெய்யாது; களிம்பை நிறுத்திவிட்டு அதற்கு மாறிவிட வேண்டாம்.

லேசர், உங்கள் ரத்தத்தையே எடுத்துச் செலுத்தும் பி.ஆர்.பி. ஆகியவற்றை நகரத்துக் கிளினிக்குகளில் தொகுப்பாக விற்கிறார்கள். ஒரு அமர்வுக்கே ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், பல அமர்வு வேண்டும் என்பார்கள். போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுச் செய்த சிறு ஆய்வுகளில் லேசருக்கும் பி.ஆர்.பி.க்கும் தெளிவான பலன் தெரியவில்லை. என் கருத்து: அந்தப் பணத்தை வங்கியில் போடுங்கள். அறுவைச் சிகிச்சை என்பது யோனியின் வாய் குறுகித் தாம்பத்தியமோ சிறுநீரோ தடைப்படும்போது மட்டும், அதுவும் நோய் அடங்கிய பிறகு. வெள்ளைத் திட்டை வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

10. மொத்தச் செலவு

அரசு வழியில் போனால் சீட்டு, சோதனை, பயாப்ஸி எல்லாம் இலவசம். இருப்பில் இருக்கும் களிம்பும் இலவசம். செலவு பஸ் டிக்கெட்டும் ஒரு நாள் கூலியும்தான். இருப்பில் இல்லாதபோது வெளியே எழுதித் தருவார்கள். மக்கள் மருந்தகம், 2025-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகம் இரண்டிலும் மருந்தின் வேதிப்பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். இருந்தால் விலை கணிசமாகக் குறையும்.

தனியாரில் மருத்துவர் கட்டணம் ஊரைப் பொறுத்து 400 முதல் 1,000 ரூபாய், பயாப்ஸி ஆய்வுக் கட்டணத்தோடு சேர்த்து 2,000 முதல் 5,000 வரை ஆகலாம். களிம்பு நூற்றுச் சொச்சம். ஆக, பெயர் தெரியும் வரைதான் பணம் கரையும்; தெரிந்தபின் இது மலிவான நோய். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் தனியார் காப்பீடுகளும் பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கானவை. வெளிநோயாளிக் களிம்புக்குக் கை கொடுக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

11. மறுபார்வை

மூன்றாம் மாதம் ஒருமுறை, பிறகு ஆறாம் மாதம் வாக்கில், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையாவது. அடுத்த தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மாதம் ஒருமுறை கண்ணாடி வைத்து நீங்களே பாருங்கள். ஆறாத புண், புதிதாகத் தடித்த திட்டு, கட்டி, தொட்டால் ரத்தம் கசியும் இடம், களிம்புக்கு அடங்காத வலி இவற்றில் ஏதாவது வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் போக வேண்டும். லைக்கன் ஸ்கிளீரோசஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவர்களுக்கே புற்றுநோய் வருகிறது. வந்தாலும் சிறிதாக இருக்கும்போது பிடித்தால் சின்ன அறுவையோடு போய்விட வாய்ப்பு அதிகம்.

12. சிறுமிகளுக்கு வந்தால்

குழந்தை அந்த இடத்தைச் சொறிந்துகொண்டே இருக்கிறாள், மலம் கழிக்க அழுகிறாள், மலச்சிக்கல் விடவில்லை என்றால் தோலையும் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு வலிக்கும் என்பதால் குழந்தைகள் மலத்தை அடக்குவார்கள். இவர்களுக்கும் அதே களிம்புதான், அளவை மருத்துவர் குறைத்துச் சொல்லுவார். வயதுக்கு வந்தால் தானாகச் சரியாகிவிடும் என்ற பேச்சை நம்பி நிறுத்தாதீர்கள். பலருக்கு நோய் தொடர்கிறது.

இந்த நோயில் ரத்தம் கட்டிய திட்டுகள் வருவதால், பார்ப்பவர் பாலியல் வன்முறையோ என்று சந்தேகிக்கக்கூடும். அவர்கள் கேள்வி கேட்பது குழந்தையின் பாதுகாப்புக்காக. ஆத்திரப்படாமல் பதில் சொல்லுங்கள், தோல் மருத்துவரின் கருத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தோல் நோய் இருப்பதாலேயே மற்றது இல்லை என்றாகிவிடாது, ஆகவே குழந்தையிடமும் தனியாக, பொறுமையாகப் பேசுங்கள். பள்ளியில் அடிக்கடி கழிவறைக்குப் போகவும் தளர்வான உள்ளாடை அணியவும் அனுமதிக்கும்படி மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வகுப்பாசிரியையிடம் கொடுத்துவிடலாம். அதில் நோயின் பெயரை எழுத வேண்டியதில்லை, 'தோல் சிகிச்சையில் இருக்கிறாள்' என்றாலே போதும்.